கொண்டல் கப்பலின் கீழ்த்தளத்துக் கதவு

“அந்த டாய்லெட்ட தூக்கிடு யோகா,” என்று சரவணகுமார் சொன்ன நேரத்தில் யோகேஸ்வரி அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கோபத்தைச் சொல்லவில்லை. கோபம் அடுத்த நொடியில்தான் வந்தது. காலையில் மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி ரயில் பிடித்து, பொத்தேரியில் இருக்கும் ஆபீஸுக்குள் கால் வைத்ததும் நேராக இந்த மீட்டிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியும் பேச்சு முடிந்தபாடில்லை.

தூக்கச் சொன்னது நிஜக் கக்கூஸை இல்லை. ‘நெடுவான்’ என்கிற விண்வெளி விளையாட்டில் வரும் ஒரு சரக்குக் கப்பலின் கீழ்த்தளத்தில் அவள் கட்டியிருந்த கக்கூஸை. அந்த விளையாட்டைச் செய்வதுதான் இவர்கள் கம்பெனியின் ஒரே தொழில். அதில் கப்பல் ஓட்டலாம், சண்டை போடலாம், சரக்கு ஏற்றலாம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. முன்னால் ஒரு கண்ணாடி, கையில் ஒரு பிடி, அவ்வளவுதான் கப்பல். பின்னால் திரும்பிப் பார்த்தால் பெயிண்ட் அடித்த ஓடு. உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் வருஷக்கணக்காக நச்சரித்தார்கள்: எங்களை எழுந்து நடக்க விடுங்கள், இது எங்கள் கப்பல், இதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கக் கூடாதா? கடைசியில் கம்பெனி முதலாளி சரவணகுமார் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்குக் கொடுத்தது அவன், கட்டியது யோகேஸ்வரி.

லேசுப்பட்ட வேலை இல்லை அது. முதல்முதலில் நாற்காலியை விட்டு எழுப்பியபோது ஆளின் தலை கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. கப்பலைப் பெரிதாக்கினாள். சமையல்கட்டு, படுக்கை, ஏணி, சரக்கு அறை என்று ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். அவள் ஊர் மீனவக் குப்பத்து ஆட்கள் கிழக்கே இருந்து வரும் காற்றைக் கொண்டல் என்பார்கள். அந்தப் பெயரையே கப்பலுக்கு வைத்தாள். ஆறு பேர் மாசக்கணக்காகப் போய் வருகிற கப்பல் என்றால் அதில் என்னென்ன வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கட்டியது அது.

“தூக்கணுமா? ஏன்?” என்றாள்.

“கேம்ல எவன்மா டாய்லெட் போகப்போறான்? ஃபாரின்காரன் பார்த்தா சிரிப்பான். அந்த இடத்துல ஒரு டிராஃபி ரூம் வெச்சா கெத்தா இருக்கும்.”

“விண்வெளில போனா அப்டியே மெதந்துகினு வரும் மச்சான்,” என்றான் புரோகிராமர் சுதாகர். சுற்றி இருந்த ஆம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காத இன்னொரு ஆள் ஷஃபானா. கம்பெனியில் யோகேஸ்வரியைத் தவிர இருந்த ஒரே பெண். கட்டியதை எல்லாம் நடந்து பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. அவளும் அப்போது அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

“கிச்சன் வெச்சேன், நல்லாக்கீதுன்னீங்க. பெட்டு வெச்சேன், நல்லாக்கீதுன்னீங்க. துன்னுட்டுத் தூங்குறவன் எங்கண்ணா போவான்? ஜன்னலத் தொறந்துகினா?”

“டீடெய்ல் சூப்பர்தான். நான் இல்லைங்கல.” சரவணகுமாருக்குக் குரல் உயராது. மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் பார்த்த குடும்பம். யாரிடமும் சிரித்த முகமாகவே பேசிக் காரியத்தை முடித்துவிடுவான். சார் கீர் எல்லாம் வேணாம், அண்ணான்னு கூப்பிடுங்க, நாமெல்லாம் ஃபேமிலி என்று சேர்ந்த அன்றே சொல்லிவிடுவான். “ஆனா வேணாம்மா. தூக்கிடு.”

சுதாகர்தான் குறுக்கே வந்தான். “இப்ப சொவுத்துல கை வெக்க முடியாதுண்ணாத்த. கீழ்த்தளம் முச்சூடும் ஷஃபானா நடந்து பார்த்து ஓகே ஆய்ட்ச்சி. ஒரு சொவுரு நவுந்தாலும் மறுபடி மொதல்லேர்ந்து நடக்கணும். லாஞ்சுக்கு நாள் இல்ல.”

சரவணகுமார் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “அப்ப ஒண்ணு பண்ணு. கதவ சாத்திப் பூட்டு போட்டுடு. வெளியில ஸ்டோர் ரூம்னு ஒரு போர்டு மாட்டிடு. யார் கேட்கப்போறா?”

யோகேஸ்வரியும் ஷஃபானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதே வார்த்தையை, இதே குரலில், இதே மனுஷன் வாயிலிருந்து அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

ஆபீஸ் இருப்பது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். வாடகைக்கு எடுத்தபோது அதில் இரண்டு கக்கூஸ் இருந்தன. ஒன்றில் ‘ஆண்கள்’ என்றும் மற்றதில் ‘பெண்கள்’ என்றும் வீட்டுக்காரரே போர்டு அடித்து வைத்திருந்தார். முதல் பதிப்பு வெளிவந்தபோது விளம்பரத்துக்கு என்று அச்சடித்த டி-ஷர்ட், கப்பு, சாவிக்கொத்து எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வைக்க இடம் இல்லை. ரெண்டு வாரம்தான்மா என்று பெண்கள் கக்கூஸில் அடுக்கிப் பூட்டினான் சரவணகுமார். யார் கேட்கப்போறா என்று, பெண்கள் என்ற போர்டின் மேலேயே ஸ்டோர் ரூம் என்று ஒரு காகிதத்தை ஒட்டினான். அந்த இரண்டு வாரம் இரண்டு வருஷமாகியும் முடியவில்லை. சாவி அவன் கார் சாவியோடு இடுப்பில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆம்பளைகள் கக்கூஸைத்தான் யூஸ் பண்ணிக்கோங்களேன், யார் வேணாம்னா என்பான். அதன் தாழ்ப்பாள் என்றைக்கோ பிய்ந்துபோனது. உள்ளே போகிறவன் கதவை ஒரு காலால் மிதித்துக்கொண்டே நிற்பான். பெண் பிள்ளை எதை மிதித்துக்கொண்டு உட்காருவாள் என்று அந்தப் புத்திசாலிகளில் ஒருத்தனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஆகவே இரண்டு பேரும் பின் சந்தில் வேண்டா என்கிற பொம்பளை நடத்தும் மெஸ்ஸுக்குப் போவார்கள். வேண்டாவின் வீடும் மெஸ்ஸும் ஒன்றுதான், கொல்லையில் கக்கூஸ். ஹாஸ்டல் பிள்ளைகளும் அங்கேதான் வரும். “சும்மா வந்துட்டுப் போறதுக்கு இது இன்னா பஸ் ஸ்டாண்டா? ஒரு டீ குட்ச்சிட்டுப் போ,” என்பாள் வேண்டா. அவளைத் தப்புச் சொல்லி என்ன பண்ண, தண்ணீர் இழுத்து ஊற்றுகிறவள் அவள். டீயைக் குடித்தால்தான் கொல்லைக் கதவு திறக்கும். குடித்த டீ சாயங்காலத்துக்குள் மறுபடி அங்கேயே இழுத்துக்கொண்டு வரும். இப்படி ஒரு கேடுகெட்ட ஏற்பாட்டில் இரண்டு பட்டதாரிகள் இரண்டு வருஷம் ஓட்டினார்கள்.

ஷஃபானா வேறு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். செங்கல்பட்டில் இருந்து தினமும் அம்மா ஹபீபா நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் மேஜை மேல் நிறைந்தபடியே நிற்கும். அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் அம்மா திட்டுவாள் என்று, வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிடுவாள். அந்த ஆபீஸில் செழிப்பாக இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

யோகேஸ்வரிக்கு இதில் எரிச்சல் ரெட்டிப்பு. குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். விடிவதற்குள் சவுக்குத்தோப்புக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும். தப்பினால் ராத்திரி வரைக்கும் அடக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து முதலில் சேர்த்த பணத்தில் அவள் வாங்கியது வண்டியும் இல்லை, நகையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டினாள். அவள் அம்மா வச்சலா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்கம்பக்கத்துப் பொம்பளைகளை எல்லாம் கூட்டி வந்து ஒரு வாரம் அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். கொண்டலின் கீழ்த்தளத்தில் அந்தச் சின்ன அறையைக் கட்டியபோது யோகேஸ்வரி அதைத்தான் நினைத்துக்கொண்டாள். அதைப் போய் இந்த ஆள் தூக்கு என்கிறான்.

மீட்டிங் முடிந்த மறுவாரம் ஷஃபானாவுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கும் கப்பலுக்குள்தான் நடந்துகொண்டிருந்தாள். கப்பல் திரும்பும்போது உள்ளே நடக்கிற ஆள் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்க்கிற வேலை. “அக்கா, கொஞ்சம் குளிருது,” என்று ஏசியை நிறுத்தச் சொன்னவள், அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் எழுந்தாள். யோகேஸ்வரிதான் ஆட்டோ வைத்துச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, கிட்னி வரைக்கும் கிருமி ஏறியிருக்கு, ஒருநாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஹபீபாதான், நான் தெனம் பாட்டில் ரொப்பி அனுப்புறேனே டாக்டர் என்றாள். அப்புறம் மகள் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் வெளியே வந்தது.

ஹபீபா வார்டு என்றும் பார்க்கவில்லை. “ஆபீஸாம் ஆபீஸு. வானத்துல கப்பல் உடுறாங்களாம். ஒரு கக்கூஸ் கதவத் தொறக்க வக்கில்ல. இந்தா யோகா, நல்லாக் கேட்டுக்க. தண்ணி குடிக்கப் பயப்படற எடத்துக்கு எம்பொண்ண நான் அனுப்பமாட்டேன். அந்தக் கதவு தொறந்தா ஃபோன் போடு, நானே கொண்டாந்து உடுறேன். தொறக்கலன்னா மாசக் கடைசில வந்து அவ சாமானத்த எடுத்துக்கிறேன்.”

ஷஃபானா அம்மாவுக்குத் தெரியாமல் யோகேஸ்வரியின் விரலைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இந்த வேலை வேணும்க்கா,” என்றாள். அவளைவிட அதிகமாகக் கொண்டலுக்குள் நடந்தவர்கள் யாரும் இல்லை. கட்டியவளுக்கே தெரியாத மூலையெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் போய்விட்டால் அந்தக் கப்பலைப் பற்றி வாய்விட்டுப் பேசக்கூட யோகேஸ்வரிக்கு ஆள் கிடையாது.

மறுநாள் போய் சரவணகுமாரின் கேபின் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

“சாவி கொடுங்கண்ணா. அந்த ரூம காலி பண்ணணும்.”

“ஷஃபானா எப்படி இருக்கா? பாவம். ஒரு ஃப்ரூட் பாஸ்கெட் அனுப்பச் சொல்லியிருக்கேன்.”

“பழம் வேணாம். சாவி கொடுங்க.”

“லாஞ்ச் முடியட்டும்மா. அதுவரைக்கும் பெட்டியெல்லாம் எங்க வைக்கறது?”

“இங்கயே வைங்க. இவ்ளோ எடம் கீதே.”

“கெஸ்ட் வர இடம் இது.” சிரித்தான். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ யோகா. இல்லைன்னா ஒண்ணு பண்ணலாம். டெஸ்டிங்குக்கு ஒரு பையனப் போட்டுடலாம். அப்ப இந்தப் பிரச்சனையே வராது.”

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மேஜை மேலிருந்த கப்பை எடுத்து அவன் மூஞ்சியில் அடித்திருப்பாள். அதிலும் நெடுவான் என்றுதான் அச்சடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கக்கூஸ் பிரச்சனைக்கு இவன் கண்டுபிடித்த மருந்து, பெண்ணே இல்லாமல் பண்ணிவிடுவது.

அந்த வாரமே லாஞ்ச் விழாவுக்கு டி-ஷர்ட் எடுக்க வேண்டும் என்று அவனே வந்து அந்த அறையைத் திறந்தான். சாவியைக் கையில் கொடுக்கவில்லை. வாசலில் நின்று போன் பேசிக்கொண்டே, அந்த மேல் பெட்டி, அது இல்லை, அதற்குப் பக்கத்தில் என்று கை காட்டினான். யோகேஸ்வரி உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள். அவன் முதுகைத் திருப்பிய நேரத்தில் தன் போனை எடுத்து நாலு சுவரையும் படம் பிடித்தாள். கூரையையும் பிடித்தாள், தரையையும் பிடித்தாள்.

பிறகு தன் மேஜையில் உட்கார்ந்து அத்தனையையும் கட்டினாள். பீங்கான் மேல் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். வாயில் துணி சுற்றிய குழாய். ஒட்டடை படிந்த கண்ணாடி. மூன்று கால் நாற்காலி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோன பழைய கம்ப்யூட்டர். ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய கேப்டன், பெட்டி மேல் ஏறிக் கூரை இடித்துக் கழுத்து மடங்கி நின்றான். வெளியே பெண்கள் என்ற போர்டு, அதன் மேல் பாதி கிழிந்த ஸ்டோர் ரூம் காகிதம். ஒரு பெட்டியைத் தொட்டால் மொத்த அடுக்கும் சரிகிற மாதிரி வைத்தாள். நாற்றத்தை மட்டும் வைக்க முடியவில்லை. கொண்டலின் கீழ்த்தளத்தில், அவள் ஆசையாகக் கட்டிய சின்ன அறை இருந்த இடத்தில், அதே அளவில் இது உட்கார்ந்துகொண்டது.

யார் என்ன கட்டினாலும் சுதாகர் பார்த்துத்தான் விளையாட்டோடு சேர்க்க வேண்டும். அவன் பார்த்தான்.

“இன்னா யோகா இது?”

“பூட்டின கதவு. அவர்தானே போடச் சொன்னாரு.”

“உள்ள இன்னா கீது?”

“போர்டு கீதே. படிக்கத் தெரியாதா?”

சுதாகர் தன் பக்கத்திலிருந்து பூட்டை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தான். பிறகு நாற்காலியைச் சுழற்றி, நடைக்கு அந்தப் பக்கம் இருந்த நிஜக் கதவைப் பார்த்தான். இரண்டு வருஷமாகத் தினமும் அதைக் கடந்து போய் வந்தவன், அன்றைக்குத்தான் அதை முதன்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“பூட்டு சரியா வேலை செய்யுதா?” என்று கேட்டான்.

“செய்யும்.”

“செய்யலன்னா ஷஃபானாதான் கண்டுபுடிச்சிருக்கும். இப்ப அத்தப் பாக்க ஆளே இல்லையே.” திரும்ப அந்தப் பூட்டைப் போடாமலேயே சேர்த்துவிட்டான்.

விழா மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில் நடந்தது. பெரிய திரை, நாற்காலிகள், டி-ஷர்ட் போட்ட கூட்டம். யோகேஸ்வரி ஓரத்தில் கம்ப்யூட்டர் மேஜையருகே நின்றாள். சரவணகுமார் மேடையில் உட்கார்ந்து தானே விளையாடிக் காட்டினான். கொண்டல் ஒரு கோளைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினான். திரையில் இருந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்தான். திரும்பினான். நடந்தான். ஜன்னலுக்கு வெளியே கோள் சுழன்றது, உள்ளே சமையல்கட்டில் ஸ்பூன்கள் தொங்கின. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வருஷக்கணக்காக இதைக் கேட்டு ஏங்கியவர்கள் அவர்கள். யோகேஸ்வரி கோபத்தையும் மறந்து, இதை நான் கட்டினேன் என்று ஒரு கணம் பெருமையாக நின்றாள். பக்கத்தில் ஷஃபானா இல்லையே என்று நினைத்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது.

ஏணி வழியே கீழ்த்தளத்துக்கு இறங்கினான் சரவணகுமார். “அந்தக் கதவத் தொறங்க ப்ரோ,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அது சும்மா ஸ்டோர் ரூம். பூட்டியிருக்கும், பாருங்க,” என்று சொல்லிக் கதவைத் தொட்டான். திறந்துகொண்டது. ஆள் ஓரடி உள்ளே வைத்தான். அடுக்கு சரிந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்து வாசலை அடைத்தன. அட்டைக் கேப்டன் முகத்துக்கு நேரே சாய்ந்து விழுந்தான். முன்னால் போனாலும் முட்டியது, பின்னால் போனாலும் முட்டியது. இவ்வளவு பெரிய கப்பலில் ஆள் ஒரு கக்கூஸுக்குள் மாட்டிக்கொண்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

முன் வரிசையில் சியாமளா உட்கார்ந்திருந்தாள். விளையாட்டுகளை விமர்சிக்கிற ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறவள். அவள் நல்லா இருக்கு என்றால் ஊரே வாங்கும். கையில் மைக்கோடு எழுந்தாள். “கதவுல பெண்கள்னு போர்டு இருந்ததே, பார்த்தேன். லேடீஸ் டாய்லெட்ட ஏன் ஸ்டோர் ரூம் ஆக்கி வெச்சிருக்கீங்க?”

சரவணகுமார் திரையைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான். காய்ந்த குங்குமத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“அத நான் சொல்றேன்,” என்றாள் யோகேஸ்வரி. மைக் இல்லாமலே அவள் குரல் எட்டியது. கடற்கரையில் வளர்ந்த தொண்டை. “அது கப்பல்ல இருந்து வந்தது இல்ல. பொத்தேரில எங்க ஆபீஸ்ல கீது. ரெண்டு வருஷமாப் பூட்டியே கீது. நீங்க இப்ப பார்த்தீங்களே, அந்தக் கப்பல்ல ஒவ்வொரு சொவுரா நடந்து நடந்து பார்த்த பொண்ணு, போவ எடம் இல்லாம தண்ணியே குடிக்காம, கிட்னில கிருமி ஏறி வூட்ல படுத்துகினு கீது. இதான் அந்த ரூமு.”

சரி, வேலை போச்சு என்று யோகேஸ்வரி நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள். நடந்தது அதைவிட மோசம்.

சரவணகுமார் மெதுவாக எழுந்து மைக்கை வாயருகே கொண்டுபோனான். “கரெக்ட். இதை உலகத்துக்குச் சொல்லணும்னுதான் இந்த ரூமையே கேமுக்குள்ள கொண்டுவந்தோம். எங்களோட தப்பை நாங்களே காட்டணும். எங்க யோகாவுக்கு ஒரு பெரிய கைதட்டு கொடுங்க.”

கொடுத்தார்கள். திரையில் ஆள் எழுந்து நடந்ததற்குக் கொடுத்ததைவிடப் பெரிதாகவே கொடுத்தார்கள். யோகேஸ்வரிக்குக் கன்னத்தில் பளாரென்று அறை வாங்கிய மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் காட்சி ஒரே வாரத்தில் எங்கெங்கோ பரவிவிட்டது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ கொண்டலை வாங்கி, நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி, பெட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். சரவணகுமார் பேட்டி மேல் பேட்டி கொடுத்தான். பெண்கள், பணியிடம், மனசாட்சி என்று அவன் வாயில் புதுப்புது வார்த்தைகள் வந்தன. கதவு மட்டும் பூட்டியே கிடந்தது. திங்கட்கிழமை யோகேஸ்வரி போய்க் கையை நீட்டினாள்.

“சாவி.”

“ஐயோ, இப்ப எப்படிம்மா?” நிஜமாகவே பதறினான். “புதன்கிழமை சியாமளா கேமராவோட வராங்க. ஒரிஜினல் ரூம ஷூட் பண்ணணுமாம். ஒரு அட்டைப்பெட்டி நகரக்கூடாது. அந்த ஒட்டடைகூட அப்படியே இருக்கணும். அது முடியட்டும்.”

மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு மாரியிடம் போனாள். சிற்பக் கூடத்தில் கல் பிளக்கிறவன் அவன். ஒரு சுத்தியல் கொடு என்றாள். எதுக்கு என்று கேட்டான். ஒரு பூட்டு என்றாள். இருந்ததிலேயே கனமானதை எடுத்துக் கொடுத்தான். பிறகு ஹபீபாவுக்குப் போன் போட்டு, கதவு தொறந்தாச்சு, புதன்கிழமை காலையில் ஷஃபானாவைக் கூட்டி வாங்க என்றாள். திறக்காத கதவைத் திறந்ததாகச் சொன்னதில் அவளுக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்து விழுந்தது. சத்தம் கேட்டு வந்த சுதாகர் பூட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கினான்.

“எங்க வெக்கறது?”

“கெஸ்ட் வர எடத்துல.”

எல்லாம் சரவணகுமாரின் கேபினுக்குப் போயின. மேஜை மேலே, சோபா மேலே, ஜன்னல் மறைகிற அளவுக்கு அடுக்கினார்கள். அட்டைக் கேப்டனை அவன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். யோகேஸ்வரி சுடிதாரை ஏற்றிச் செருகிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கொட்டித் தேய்த்தாள். இரண்டு வருஷக் கோபமும் அந்தத் தேய்ப்பில் இருந்தது. குழாயில் சுற்றிய துணியைப் பிய்த்துத் திருகினாள். காற்று வந்தது, துரு வந்தது, செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, கடைசியில் நல்ல தண்ணீர் வந்தது. ஸ்டோர் ரூம் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

ஹபீபா மகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மகளை வெளியே நிறுத்திவிட்டுத் தானே முதலில் உள்ளே போனாள். குழாயைத் திறந்து பார்த்தாள். கதவை உள்பக்கம் தாழ் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். “தாப்பா நல்லா உழுது,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஷஃபானா இளைத்துப்போயிருந்தாள். தன் மேஜைக்குப் போய், பாட்டிலைத் திறந்து, நின்ற இடத்திலேயே மடக் மடக்கென்று அத்தனையும் குடித்தாள். செடிக்கு அன்றைக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவள் உள்ளே போய்த் தாழ் போட்டிருந்தாள். சரவணகுமார் சிரித்துக்கொண்டே ஏறி வந்தான். பின்னால் சியாமளா, அவளுக்குப் பின்னால் கேமராவும் விளக்கும் தூக்கிய ஆட்கள். “இந்தப் பக்கம்தான், வாங்க,” என்று நடையில் திரும்பியவன், தரையில் கிடந்த உடைந்த பூட்டைப் பார்த்து நின்றான். காகிதம் இல்லாத போர்டைப் பார்த்தான். போர்டுக்குக் கீழே சுத்தியலோடு கதவில் சாய்ந்து நின்றவளைப் பார்த்தான்.

“யோகா, என்ன பண்ணி வெச்சிருக்க? நகரு. கதவத் தொற. இவங்க ரூமப் பார்க்கணும்.”

“முடியாது சார்,” என்றாள் யோகேஸ்வரி. “உள்ள ஆள் கீது.”